ஆந்தை அலறினால் மௌத்தா? ‘ஹாமா’ என்னும் நம்பிக்கையின் வரலாறு

இஷாத் தொழுகை முடிந்து ஊர் அடங்கிய நேரம். கொல்லைப்புறத்து வேப்பமரத்திலிருந்தோ, பழைய பள்ளிவாசலின் மினாராவிலிருந்தோ ஒரு குரல் கிறீச்சிட்டு எழுகிறது. வீட்டில் மூத்தவர் ஒருவர் நோயில் கிடந்தால், அந்தக் குரலைக் கேட்ட மாத்திரத்தில் பெண்களின் முகம் வாடிவிடுகிறது. “சாக்குருவி கத்துகிறது, விரட்டிவிடுங்கள்” என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் இருட்டில் கல்லைத் தேடுகிறார். ஐவேளைத் தொழுகையைப் பேணும் இல்லங்களிலும் இக்காட்சி அரிதன்று.

சகுனம் பார்த்தல் இஸ்லாத்தில் இல்லை என்பது நம் அனைவருக்கும் தெரியும். ஆனால் இந்த ஆந்தையைப் பற்றிய நம்பிக்கையை நபி (ஸல்) அவர்கள் தனியே பெயர் குறிப்பிட்டு மறுத்தார்கள் என்பதும், அந்த மறுப்புக்குப் பின்னே அரபு மண்ணின் இரத்தம் தோய்ந்த வரலாறு ஒன்று உண்டு என்பதும் பலர் அறியாதவை. அந்த வரலாற்றை அறிந்தால், ஒரு பறவையின் மீதிருந்த பழியை நீக்குவது ஏன் அத்தனை முக்கியமாயிற்று என்பது விளங்கும்.

அறியாமைக் காலமும் பறவைச் சகுனமும்

இஸ்லாத்துக்கு முந்திய அரபியரின் வாழ்வில் பறவைகளுக்குப் பெரும் இடம் இருந்தது. பயணம் புறப்படுமுன் அமர்ந்திருக்கும் பறவையைக் கிளப்பிவிட்டு, அது எத்திசையில் பறக்கிறது என்று பார்ப்பார்கள். வலப்புறம் பறந்தால் பயணம் தொடரும். இடப்புறம் பறந்தால் ஒட்டகத்தின் சுமை இறக்கப்படும். அரபியில் சகுனத்தைக் குறிக்கும் ‘தியரா’ என்ற சொல்லே, பறவையைக் குறிக்கும் ‘தைர்’ என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. வணிகம், திருமணம், போர் ஆகிய எல்லாவற்றின் முடிவும் ஓர் அறிவற்ற உயிரின் சிறகசைவில் தொங்கிக்கொண்டிருந்தது.

காகம் பிரிவின் அடையாளமாகக் கருதப்பட்டது. ஆனால் ஆந்தையைப் பற்றிய நம்பிக்கை இவை எல்லாவற்றிலும் ஆழமானது. ஆந்தையைப் பொதுவாக ‘பூம்’ என்றும் ‘பூமா’ என்றும் அழைத்த அரபியர், அச்சத்தோடு தொடர்புடைய இடங்களில் வேறு இரு பெயர்களைப் பயன்படுத்தினார்கள். ஒன்று ‘ஹாமா’, மற்றொன்று ‘ஸதா’. ஹாமா என்றால் தலை, உச்சந்தலை என்றும் பொருள். ஸதா என்ற சொல்லுக்குத் தாகம் என்றும், எதிரொலி என்றும், ஆண் ஆந்தை என்றும் பொருள்கள் உண்டு. இந்தச் சொற்களிலேயே அந்த நம்பிக்கையின் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது.

தலையிலிருந்து புறப்படும் பறவை

ஒரு மனிதன் கொலையுண்டு, அவனுக்காகப் பழி வாங்கப்படாமல் விடப்பட்டால், அவனுடைய தலையிலிருந்து ஓர் ஆந்தை வெளிப்படும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த ஆந்தை அவனுடைய மண்ணறையைச் சுற்றி இரவெல்லாம் அலையும். தனக்குக் குடிக்கத் தருமாறு ஓயாமல் கேட்கும். அது கேட்பது தண்ணீரை அன்று, கொன்றவனின் இரத்தத்தை. பழி தீர்க்கப்பட்ட அன்றுதான் அதன் தாகம் தணிந்து அக்குரல் அடங்கும்.

இரவில் பாலைவனக் கூடாரத்தில் படுத்திருக்கும் ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். அவனுடைய தந்தையையோ சகோதரனையோ வேறொரு குலத்தார் கொன்றுவிட்டனர். காலம் கடந்துவிட்டது. அவன் மனம் சற்றே ஆறத் தொடங்குகிறது. அப்போது தொலைவில் ஓர் ஆந்தை அலறுகிறது. அவனுடைய தாய் அவன் முகத்தைப் பார்க்கிறாள், ஒன்றும் பேசவில்லை. அவள் பேசவும் தேவையில்லை. அந்தப் பறவையின் குரலையே மய்யித்தின் குரலாக அவனுக்குக் கற்பித்து வளர்த்திருக்கிறார்கள். மறுநாள் அவன் வாளைத் தீட்டுகிறான். அவன் கொல்லப்போகும் மனிதனுக்கும் மகன்கள் இருப்பார்கள். அவர்களும் ஓர் இரவில் ஆந்தையின் குரலைக் கேட்பார்கள்.

ஆக, ஹாமா என்பது வெறும் பேய்க்கதை அன்று. மறக்கவும் மன்னிக்கவும் விடாமல், பழிவாங்கும் வழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாக உயிரோடு வைத்திருந்த ஒரு கருவி அது.

நாற்பது ஆண்டுப் போர்

அந்த வழக்கம் எத்தகைய அழிவைத் தந்தது என்பதற்குப் பஸூஸ் போர் சான்று. தஃக்லிப் குலத்தின் தலைவர் குலைப், தம் மேய்ச்சல் நிலத்துக்குள் புகுந்த ஒரு பெண் ஒட்டகத்தை அம்பெய்து வீழ்த்தினார். அது பக்ர் குலத்தைச் சேர்ந்த ஜஸ்ஸாஸின் சிற்றன்னை பஸூஸின் பொறுப்பிலிருந்த ஒட்டகம். அவமானம் பொறாத ஜஸ்ஸாஸ் குலைபைக் கொன்றார். குலைபின் சகோதரர் முஹல்ஹில் பழிவாங்கப் புறப்பட்டார். உறவினராகிய இவ்விரு குலங்களும் நாற்பது ஆண்டுகள் ஒருவரையொருவர் கொன்றதாக அரபு மரபு கூறுகிறது. கொலையுண்ட குலைபின் மனைவி ஜலீலா, கொன்ற ஜஸ்ஸாஸின் உடன்பிறந்த சகோதரி. கணவனுக்காக அழுவதா, சகோதரனுக்காக அஞ்சுவதா என்ற நிலையில் அவர் நின்றார்.

மதீனாவின் நிலையும் வேறாக இல்லை. அவ்ஸ், கஸ்ரஜ் ஆகிய இரு குலங்களும் நெடுங்காலம் மோதிக்கொண்டன. ஹிஜ்ரத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்த புஆஸ் போரில் இரு தரப்புத் தலைவர்களும் பலர் மாண்டனர். பகைவர்களாய் இருந்த உள்ளங்களை அல்லாஹ் தன் அருளால் இணைத்துச் சகோதரர்களாக்கியதைத் திருக்குர்ஆன் (3:103) நினைவூட்டுவது இந்தப் பின்னணியில்தான்.

நபிகளாரின் மறுப்பு

இத்தகைய சமுதாயத்தின் முன்னிலையில்தான் நபி (ஸல்) அவர்கள் தொற்று இல்லை, பறவைச் சகுனம் இல்லை, ஹாமா இல்லை, ஸஃபர் இல்லை என்னும் கருத்தைச் சொன்னார்கள். இதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் காண்கிறோம். புகாரியில் வரும் ஓர் அறிவிப்பில் இதைத் தொடர்ந்தே, சிங்கத்தைக் கண்டு ஓடுவதுபோலத் தொழுநோயிலிருந்து விலகிச் செல்லவும் கட்டளை வருகிறது. எனவே நோய் பரவுவதற்குரிய காரணங்களை அண்ணலார் மறுக்கவில்லை. அல்லாஹ்வின் நாட்டமின்றி ஒரு பொருள் தானாகவே நன்மையோ தீமையோ செய்துவிடும் என்ற எண்ணத்தைத்தான் மறுத்தார்கள் என அறிஞர்கள் விளக்கியுள்ளனர். காரணத்தை அறிந்து நடப்பது வேறு, சகுனத்துக்கு அஞ்சுவது வேறு.

ஹாமா என்பதற்கு அறிஞர்கள் இரு விளக்கங்களைத் தருவதை இமாம் நவவீ (ரஹ்) எடுத்துரைக்கிறார்கள். ஆந்தை ஒருவரின் வீட்டில் வந்து அமர்ந்தால், அவருடைய மரணத்தையோ அவர் வீட்டாரில் ஒருவரின் மரணத்தையோ அது அறிவிக்கிறது என்ற நம்பிக்கையே ஹாமா என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் விளக்கம். இறந்தவரின் எலும்போ உயிரோ பறவையாக மாறிப் பறக்கிறது என்ற நம்பிக்கையே ஹாமா என்பது பெரும்பாலோரின் விளக்கம். இரண்டும் பொய் என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. நம் ஊர்ச் ‘சாக்குருவி’ நம்பிக்கை, இமாம் மாலிக் (ரஹ்) விளக்கிய ஹாமாவோடு அப்படியே பொருந்துவதைக் கவனியுங்கள்.

இறந்தோருக்கும் இவ்வுலகுக்கும் இடையே எழுப்பப்படும் நாள்வரை ‘பர்ஸக்’ என்னும் திரை உண்டு என்பது திருக்குர்ஆனின் போதனை (23:100). ஷஹீதுகளின் உயிர்கள் சுவனத்தில் பச்சைப் பறவைகளின் உள்ளே இருப்பதாக வரும் ஹதீஸ் சுவனத்தின் இன்பத்தைப் பற்றியது. பழி கேட்டு மண்ணறையைச் சுற்றும் ஆவிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அரஃபாவில் கைவிடப்பட்ட பழி

நம்பிக்கையை மறுத்ததோடு நபி (ஸல்) அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. அதற்கு அடியிலிருந்த வழக்கத்தையும் வேரோடு அகற்றினார்கள். கொலைக்குத் தீர்ப்பு சட்டத்தின்படியே. கொன்றவனைத் தவிர வேறொருவரைக் கொல்ல அனுமதி இல்லை. கொலையுண்டவரின் பொறுப்பாளர் வரம்பு மீறலாகாது (17:33). மன்னிப்பவருக்கும் நஷ்டஈட்டை ஏற்பவருக்கும் வழி திறந்திருக்கிறது (2:178).

ஹிஜ்ரி 10, கிபி 632. அரஃபாப் பெருவெளியில் திரண்டிருந்த மக்களுக்கு முன்னால், அறியாமைக் காலத்து இரத்தப் பழிகள் அனைத்தும் நீக்கப்பட்டுவிட்டன என்று அண்ணலார் அறிவித்தார்கள். அவற்றுள் முதலாவதாகத் தாம் நீக்குவது யாருடைய பழி என்பதையும் சொன்னார்கள். ரபீஆ இப்னு ஹாரிஸ் (ரலி) அவர்களின் மகனுடைய பழி அது. ரபீஆ, நபிகளாரின் பெரிய தந்தை ஹாரிஸின் மைந்தர். பனூ ஸஅத் குலத்தாரிடம் பால்குடிக்க விடப்பட்டிருந்த அக்குழந்தையை ஹுதைல் குலத்தார் கொன்றிருந்தனர். இதை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நீண்ட ஹஜ் ஹதீஸில் காணலாம்.

பழைய நம்பிக்கையின்படி அந்தப் பச்சிளம் குழந்தையின் ஹாமா அந்நாள் வரை தாகத்தோடு அலறிக்கொண்டிருக்க வேண்டும். அரபு மண்ணே தம் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்த நாளில், நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்துக்குரிய பழியை முதலில் கைவிட்டார்கள். ‘ஹாமா இல்லை’ என்ற சொல்லின் முழுப் பொருளும் அரஃபாவில் செயலாக வெளிப்பட்டது.

உண்மையில் ஆந்தை எத்தகையது?

பழியை நீக்கிவிட்டுப் பார்த்தால், ஆந்தை அல்லாஹ்வின் படைப்பாற்றலுக்கு வியத்தகு சான்றாக விளங்குகிறது. தலைக்கு மேல் சிறகுகளை விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளை நாம் பார்க்கவில்லையா என்று திருக்குர்ஆன் கேட்கிறது (67:19). அவை நம்மைப் போன்ற சமுதாயங்களே என்றும் உரைக்கிறது (6:38).

ஆந்தையின் கண்கள் உருண்டையானவை அல்ல, குழாய் வடிவானவை. எலும்பு வளையத்தால் தாங்கப்பட்டுள்ள அவற்றைக் குழிக்குள் சுழற்ற இயலாது. அதற்கு ஈடாக அதன் கழுத்து இரு பக்கமும் ஏறத்தாழ 270 பாகை திரும்பும். மனிதனின் கழுத்தில் 7 முள்ளெலும்புகள், ஆந்தைக்கு 14. இவ்வளவு திரும்பியும் மூளைக்குச் செல்லும் இரத்தம் ஏன் தடைபடுவதில்லை என்பதை 2013-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கினர். கழுத்தெலும்பில் இரத்தக்குழாய் செல்லும் துளை, குழாயைவிடப் பன்மடங்கு அகன்றது. தலையின் அடியில் இரத்தம் தேங்கி நிற்கத்தக்க விரிவுகளும் உள்ளன.

வெண்ணிற இதயவடிவ முகம் கொண்ட கூகையின் செவிகள் இன்னும் வியப்பானவை. இடச் செவித்துளை சற்று உயரத்திலும், வலச் செவித்துளை சற்றுத் தாழ்வாகவும் உள்ளன. ஓர் ஒலி எந்தச் செவியை முதலில் அடைகிறது என்பதால் அது வலமா இடமா என்றும், எந்தச் செவியில் வலிமையாகக் கேட்கிறது என்பதால் மேலா கீழா என்றும் அது அறிகிறது. ராஜர் பெய்ன் என்ற அறிஞர் முழு இருட்டறையில் சருகுகளைப் பரப்பி, எலியை ஓடவிட்டுச் சோதித்தார். கூகை அதைத் துல்லியமாகப் பிடித்தது. எலியின் அளவில் காகிதத்தைச் சுருட்டிச் சருகுகளுக்கிடையே இழுத்தபோதும் அதன் மீது பாய்ந்தது. எனவே அதை வழிநடத்துவது மணமோ உடற்சூடோ அன்று, ஒலியே என்பது தெளிவாயிற்று. 1978-இல் நட்சன், கொனிஷி ஆகிய இருவரும், ஒலி வரும் இடங்களை ஒரு வரைபடம்போல வைத்திருக்கும் நரம்பணுக்களைக் கூகையின் நடுமூளையில் கண்டறிந்தனர்.

அதன் பறத்தலில் ஓசை கேட்பதில்லை. இறகின் முன்விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற அமைப்பும், பின்விளிம்பில் குஞ்சம் போன்ற மென்மையும், மேற்பரப்பில் பட்டு போன்ற தூவியும் காற்றின் இரைச்சலை அடக்கிவிடுகின்றன. எலிக்குத் தன் மீது மரணம் இறங்குவது தெரியாது. தன் சிறகொலி தன் செவியைக் குழப்பாமலும் அது வேட்டையாடுகிறது.

பாழ்வீடும் கபரஸ்தானும்

அப்படியானால் மக்கள் ஏன் இப்பறவையை மரணத்தோடு சேர்த்தார்கள்? அவர்கள் கண்ட காட்சி உண்மை. அதற்குக் கற்பித்த காரணமே தவறு. ஆந்தைகள் பெரும்பாலும் தமக்கென்று கூடு முடைவதில்லை. மரப்பொந்து, பாறை இடுக்கு, இடிந்த சுவர், ஆள் இல்லாத மாடி ஆகியவையே அவற்றின் இல்லம். வீடு பாழானதால் ஆந்தை வந்தது. ஆந்தை வந்ததால் வீடு பாழாகவில்லை. கபரஸ்தானில் பழைய மரங்கள் உண்டு, எலிகள் உண்டு, இரவில் மனித நடமாட்டம் இல்லை. ஆந்தைக்கு வேறென்ன வேண்டும்?

மின்விளக்கு இல்லாத காலத்தில் இரவு முழுவதும் விளக்கு எரிந்தது நோயாளி இருந்த வீட்டில்தான். விளக்கைத் தேடிப் பூச்சிகள் வந்தன, பூச்சிகளைத் தேடிச் சிறு ஆந்தை வந்தது, வந்த இடத்தில் தன் துணையை அழைத்தது. விழித்திருந்தவர்கள் அதைக் கேட்டார்கள். நோயாளி இறந்துவிட்டால் குரல் நினைவில் நின்றது. பிழைத்துக்கொண்டால் மறந்துபோயிற்று. சகுனங்கள் பல இவ்வாறுதான் வளர்கின்றன. ஆந்தை அலறுவது எல்லையை உணர்த்தவும், இணையை அழைக்கவுமே. அதற்கு நம் வீட்டு மௌத்தைப் பற்றி எதுவும் தெரியாது. மறைவானவற்றின் அறிவு அல்லாஹ்வுக்கே உரியது.

நூல்களில் எஞ்சிய நிழல்

முஸ்லிம் அறிஞர்கள் ஆந்தையைக் கவனிக்காமல் விடவில்லை. பாரசீக வழியாக வந்த இந்தியக் கதைகளை எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அரபியில் தந்த ‘கலீலா வ திம்னா’வில், ஆந்தைகளுக்கும் காகங்களுக்கும் இடையிலான பகை ஒரு தனி அத்தியாயம். நம் திருக்குறளின் காலமறிதல் அதிகாரமும் இதே பகையைக் காட்டித்தான் தொடங்குகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த ஜாஹிஸ், அரிஸ்டாட்டிலின் கூற்றுகளையும் நாட்டுப்புற அரபியரின் அனுபவங்களையும் அருகருகே வைத்து ஆராய்ந்து ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் பெருநூலை எழுதினார். 1405-இல் மறைந்த எகிப்தின் தமீரீ, உயிரினங்களை அகரவரிசையில் தொகுத்தார். ஒவ்வோர் உயிரின் இயல்பு, அதைப் பற்றிய ஹதீஸ், உண்ணலாமா என்னும் சட்டம் ஆகியவற்றோடு, மக்கள் அதைப் பற்றி நம்பியவையும் அதில் பதிவாயின. நபிகளார் மறுத்த பின்னரும் நிழல் முழுவதும் அகன்றுவிடவில்லை. மலாய் மொழியில் இன்றும் ஆந்தையின் பெயர் ‘பூரோங் ஹந்து’. அதன் பொருள் பேய்ப் பறவை.

ஆயினும் அதே மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலிகளைக் கட்டுப்படுத்தக் கூகைகளுக்குக் கூடுபெட்டிகள் வைக்கிறார்கள். ஜோர்தானிலும் வயல்களில் பெட்டிகள் வைக்கப்பட்டபோது, ஆந்தை அபசகுனம் என்ற எண்ணமே முதல் தடையாக நின்றது. எலிகள் குறைவதைக் கண்ட உழவர்கள் மனம் மாறினர். குஞ்சு வளர்க்கும் ஒரு கூகை இணை, ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைப் பிடிக்க வல்லது. நச்சு மருந்து செய்யும் வேலையை அது நஞ்சின்றிச் செய்கிறது.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஆந்தைகளைக் காக்கிறது. இருந்தும் மந்திர தந்திரங்களுக்காக அவை கள்ளத்தனமாகப் பிடிக்கப்பட்டு விற்கப்படுகின்றன. கூர்நகத்தால் வேட்டையாடும் பறவைகளை உண்ண வேண்டாம் என்று தடுத்ததும், உயிருள்ளதை அம்புக்கு இலக்காக்காதீர்கள் என்று எச்சரித்ததும், குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த சிறு பறவைக்கு அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதும் நம் நபி (ஸல்) அவர்கள். அவர்களுடைய உம்மத்தின் கை அந்தக் கல்லை எடுக்கலாகாது.

பறவையில் தொடங்கி மனிதரில் முடிவது

இது ஒரு பறவையோடு முடியும் செய்தி அன்று. சகுனம் பறவையில் தொடங்கி மனிதரில்தான் முடிகிறது. யாஸீன் சூராவில் வரும் ஊரார், தங்களிடம் வந்த தூதர்களையே துர்ச்சகுனம் என்றனர். அபசகுனம் உங்களிடமே இருக்கிறது என்பது தூதர்களின் பதில் (36:18, 19). ஃபிர்அவ்னின் கூட்டத்தார் தங்களுக்கு வந்த துன்பத்துக்கு மூஸா (அலை) அவர்களைக் காரணமாக்கினர் (7:131).

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மருமகள் வந்த ஆண்டில் வியாபாரம் நொடித்தால் அவளுக்கு ராசியில்லை என்கிறோம். பெண் குழந்தை பிறந்த மாதத்தில் பாட்டனார் மறைந்தால் அக்குழந்தையின் மீது ஒரு பெயர் ஒட்டிக்கொள்கிறது. கணவனை இழந்த சகோதரி திருமண வீட்டில் பின்னால் நிற்கிறாள். ஸஃபர் மாதத்தைப் பீடை மாதம் என்று தள்ளிவைக்கிறோம். இவர்கள் எல்லோரும் நாம் உருவாக்கிய ஆந்தைகள். துக்கத்தைத் தாங்க முடியாத மனம், யார் மீதாவது அதை இறக்கிவைக்கத் தேடுகிறது. ஹாமாவை நம்பிய அரபியனும் அதைத்தான் செய்தான்.

சகுனம் பார்ப்பது இணைவைப்பைச் சேர்ந்தது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அத்தகைய எண்ணம் உள்ளத்தில் எழாதவர் நம்மில் இல்லை, ஆயினும் தவக்குலைக் கொண்டு அல்லாஹ் அதைப் போக்கிவிடுகிறான் என்பதும் அவ்வறிவிப்பில் வருகிறது. அச்சம் எழுவது இயல்பு. அதன்படி நடப்பதுதான் குற்றம்.

ஆகவே அடுத்த முறை இரவில் அக்குரல் கேட்டால், பிள்ளைகளை அழைத்துச் சொல்லுங்கள்: அல்லாஹ் படைத்த ஒரு பறவை தன் துணையை அழைக்கிறது, நம் தோட்டத்து எலிகளைத் தேடி வந்திருக்கிறது, அவ்வளவே. நோயில் கிடப்பவரின் அருகில் அமர்ந்து அவருக்காக துஆச் செய்யுங்கள். மனத்தில் யார் மீதேனும் பழைய பழி தங்கியிருந்தால், அரஃபாவில் கைவிடப்பட்ட அந்தக் குழந்தையின் இரத்தத்தை நினைத்துப் பாருங்கள்.

சகுனங்களின் அச்சத்திலிருந்தும் பகைமையின் தாகத்திலிருந்தும் அல்லாஹ் நம் இல்லங்களைக் காத்தருள்வானாக. ஆமீன்.